குப்பை நிலையத்திற்கு இடந்தேர்தலும் குடியிருப்போர் கவலைகளும்

நகரத்தார் உண்ணும் நெல்லும் காய்கனிகளும் கிராமத்து நிலங்களினின்றே செல்கின்றன. அவ்வாறு சென்ற சத்தில் ஒரு பங்காவது எருவாக நிலத்திற்குத் திரும்புதல் வேண்டும் என்பது உழவுத் தொழிலின் முதற் பாடம். ஆனால் இக்காலத்தில் நகரக் கழிவு கிராமத்திற்குத் திரும்பும்போது எருவாகத் திரும்புவது அருமை. பிளாஸ்டிக்கும், கண்ணாடித் துண்டும், பழைய மின்கலமும், மருந்துப் புட்டியும் கலந்த குன்றாகவே அது பெரும்பாலும் ஊரெல்லையில் வந்து சேர்கின்றது. ஆகையால், அண்டை நகரசபையார் குப்பை நிலையத்திற்கென்று ஒரு கிராமத்துப் புறம்போக்கு நிலத்தைக் கேட்குங்கால், அவ்வூரார் ஆட்சேபம் கூறுவதில் வியப்பொன்றுமில்லை.

இத்தகைய சமயங்களில் ஒரு சாரார், "எங்கள் ஊரில் கூடவே கூடாது" என்பர். மற்றொரு சாரார், "படியாதவர்கள் வீணே அஞ்சுகின்றனர்" என்பர். இவ்விரண்டு சொற்களாலும் காரியம் முடிவதில்லை. குடிகளின் அச்சங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எவ்வளவு உண்மை, எதனைத் தடுக்கலாம், எதனைத் தடுக்க இயலாது என்று ஆராய்வதே நிலமுடையோருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய வழியாகும்.

1. துர்நாற்றம்

முதலில் எழும் முறையீடு நாற்றத்தைப் பற்றியதே. குப்பையிலுள்ள உணவுக் கழிவும் இலை தழையும் மட்குவதற்கு நுண்ணுயிர்கள் காரணம். அவற்றுள் காற்றைக் கொண்டு வாழ்வன ஒருவகை; காற்றில்லாத இடத்தில் வாழ்வன மற்றொரு வகை. குவியலுக்குள் காற்று நன்கு புகுந்தால் முதல் வகை பெருகி, குப்பை சூடேறி, நாற்றமின்றி மட்கும். குவியல் நசுங்கி, நீர் மிகுந்து, காற்று புகாதிருப்பின் இரண்டாம் வகை பெருகும். அழுகிய முட்டையின் மணமுடைய ஹைட்ரஜன் சல்பைடும், புளித்த மணமுடைய அமிலங்களும் அப்பொழுது உண்டாகின்றன. ஆகவே நாற்றம் என்பது குப்பையின் இயற்கையன்று; பராமரிப்பின் குறையே என்று அறிதல் வேண்டும். இது குடிகளுக்கு ஆறுதலும் ஆகும், எச்சரிக்கையும் ஆகும். ஏனெனில் பராமரிப்பு ஒரு மாதம் தவறினும் நாற்றம் வந்தே தீரும்.

காற்றின் திசையையும் கருதல் வேண்டும். தமிழ்நாட்டு உள்நாட்டுப் பகுதிகளில் ஆடி மாதக் காற்று பெரும்பாலும் மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசுகின்றது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வீசுகின்றது. எனவே ஊருக்கு நேர் மேற்கிலோ தென்மேற்கிலோ நிலையம் அமையின் கோடைக்குப் பின்னும், வடகிழக்கில் அமையின் மழைக் காலத்திலும் நாற்றம் ஊரை நோக்கி வரும். அன்றியும், இரவில் காற்று அடங்கியபின் குளிர்ந்த காற்று நீரைப்போலத் தாழ்வான பக்கமாக வழிவதால், மேட்டிலமைந்த நிலையத்தின் நாற்றம் பள்ளத்திலுள்ள வீடுகளில் தங்கும். நண்பகலில் வந்து நின்று, "நாற்றமில்லையே" என்று கூறிச் செல்லும் அதிகாரி இதனை அறிய இயலாது. பார்வையிடுவோர் விடியற்காலையிலும் ஒருமுறை வருதல் நலம்.

2. ஈயும் நாயும்

வெப்பமான காலத்தில் வீட்டு ஈ முட்டையினின்று சிறகு முளைத்துப் புறப்படுவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். எனவே புதுக் குப்பையை ஒரு வாரத்திற்குள் கிளறாமலும் மூடாமலும் விட்டால், நிலையமே ஈப்பண்ணையாகிவிடும். ஈக்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் வரையிலும் பறந்து செல்லக்கூடியவை. ஆதலின் வேலி அவற்றைத் தடுக்காது. குவியல் நன்கு சூடேறினால் புழுக்கள் மாய்கின்றன. இறைச்சிக் கழிவைக் கலந்து கொட்டுமிடத்தில் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து, மேய்ச்சலுக்குச் செல்லும் ஆடுகளையும் கன்றுகளையும் கடிப்பது கால்நடை வைத்திருப்போர் அனுபவத்தில் கண்டது. இறைச்சிக் கழிவைத் தனியே பிரித்துச் செய்கை நடத்தாத நிலையத்திற்கு ஊரார் இணங்குதல் தகாது.

3. கிணற்று நீர்

எல்லாவற்றினும் பெரிய கவலை இதுவே. நாற்றம் வந்தால் மூக்கு அறிவிக்கும். நீர் கெட்டால் பல ஆண்டுகள் ஒருவருக்கும் தெரியாது. மழைநீர் குப்பையின் ஊடே இறங்கும்போது உப்புக்களையும், அம்மோனியாவையும், ஈயம் காட்மியம் முதலிய உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கறுத்த கசிவுநீராக வெளிப்படுகின்றது. அது நிலத்தில் இறங்கி, நிலத்தடி நீர் ஓடும் திசையில் மெல்ல மெல்லக் கிணறுகளை நோக்கிச் செல்லும். மணற்பாங்கான நிலத்தில் விரைவாகவும், களிமண் நிலத்தில் தாமதமாகவும் செல்லும். பாறை வெடிப்புள்ள நிலத்தில் எவ்வழியாக எங்கே தோன்றும் என்று கூறுவது கடினம்.

குடிநீரில் நைட்ரேட்டு ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் வரையறுத்தது. இவ்வளவு மிஞ்சின் கைக்குழந்தைகளின் இரத்தத்திற்குக் கேடு உண்டு. நீரைக் கொதிக்க வைப்பதால் நைட்ரேட்டு நீங்காது. நீர் சுண்டுவதால் அதன் செறிவு மிகுதியே ஆகும். பாசன நீரில் உப்பு மிகுந்தால் நாற்றங்கால் கருகும். அம்மோனியா மிகுந்த நீர் பாய்ந்த வயலில் நெற்பயிர் இலையாக வளர்ந்து, கதிர் பதராகிச் சாய்ந்துவிடும்.

4. தீயும் புகையும்

காற்றில்லாமல் அழுகும் குப்பையில் மீத்தேன் என்னும் எரிவாயு உண்டாகின்றது. பெருங்குவியல்களில் கோடையில் தீப்பற்றினால், மேலே நீர் தெளித்தும் உள்ளே கனன்று கொண்டேயிருக்கும். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொச்சி நகரத்தின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றிப் பல நாட்கள் புகைந்ததும், நகர மக்கள் மூச்சுத் திணறியதும் இதற்குச் சான்று. பிளாஸ்டிக் எரியும் புகை நச்சுடையது. இத்தகைய தீ, குப்பையைப் பிரிக்காமல் ஆண்டுக்கணக்கில் குவித்து வைத்ததன் பயனேயன்றித் தற்செயலன்று.

மூன்று இடங்கள் கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரம் மாநகராட்சியார் 2000-ஆம் ஆண்டில் விளப்பில்சாலை என்னும் கிராமத்தில் குப்பையை எருவாக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினர். எருவாலை என்ற பெயரால் வந்ததாயினும், ஆலையால் செய்து முடிக்கக்கூடிய அளவினும் மிகுதியாகக் குப்பை வந்து தேங்கிற்று. கசிவுநீர் ஓடையிற் கலந்தது. ஊரார் பல்லாண்டுகள் முறையிட்டனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் கிராமப் பஞ்சாயத்தே ஆலையைப் பூட்டிவிட்டது. 2012-இல் காவற்படையின் துணையுடன் அதனை மீளத் திறக்கச் செய்த முயற்சியும் மக்கள் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. நல்ல பெயருடைய திட்டமாயினும், அளவு மீறினால் குப்பைமேடாகவே முடியும் என்பது இதன் பாடம்.

இலங்கையில் கொழும்பு நகரத்தையடுத்த மீதொட்டமுல்லையில் வீடுகளை ஒட்டியே குப்பை மலைபோல் குவிக்கப்பட்டிருந்தது. 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கு வாழ்ந்தோர் அதற்கு முன்னரே பலமுறை எச்சரித்திருந்தனர். குடியிருப்போர் கூறும் கவலையைக் கேளாதிருப்பதன் விலை சில சமயங்களில் உயிராகவும் இருக்கும்.

மூன்றாவது, சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணை. மழைவெள்ளத்தை ஏந்தி நிற்கும் அச்சதுப்பு நிலம் நெடுங்காலம் பயனற்ற புறம்போக்காகவே மதிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அமைந்தது. அதே சதுப்பு 2022-ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவமுடைய ராம்சார் நிலமாக அறிவிக்கப்பட்டது. கணக்கில் தரிசு என்று எழுதியிருப்பதனாலேயே ஒரு நிலம் பயனற்றதாகிவிடாது. ஏரி உள்வாய், ஓடைப் புறம்போக்கு, மேய்ச்சற்கால் ஆகியவை யாவும் ஊருக்கு உழைக்கும் நிலங்களே.

இடந்தேர்தலில் கவனிக்க வேண்டியவை

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில், கழிவைப் புதைக்கும் நிலத்திற்கு ஆற்றினின்று 100 மீட்டரும், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, பொதுப் பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றினின்று 200 மீட்டரும் இடைவெளி குறிக்கப்பட்டது. அடித்தளக் காப்பு அடுக்கிற்குக் கீழ், நிலத்தடி நீர் மிக உயர்ந்து நிற்கும் காலத்திலும் 2 மீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும் என்றும், அக்காப்பில் 90 சென்டிமீட்டர் கனமுள்ள களிமண் அடுக்கு வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. 200 மீட்டர் என்பது குறைந்த அளவேயன்றிப் போதுமான அளவென்று கொள்ளலாகாது. காற்றும் சரிவும் பாதகமாயிருப்பின் அதனினும் மிகுதியான தூரம் வேண்டும்.

நீர்மட்டத்தைக் கோடையில் அளந்து விடை கூறுவது பெருந்தவறு. வடகிழக்கு மழை முடிந்த மார்கழி தை மாதங்களில், அருகிலுள்ள கிணறுகளில் நீர் எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டும். மண்ணின் தன்மையை அறிய, மூன்று நான்கு இடங்களில் ஆளுயரக் குழி வெட்டி, அடியில் மணலா, செம்மண்ணா, களியா, உடைந்த பாறையா என்று ஊரார் முன்னிலையில் பார்க்கலாம். குழியில் நீரூற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறித்து வைத்தால் நிலத்தின் கசிவுத் தன்மை ஒருவாறு விளங்கும். இது வல்லுநர் ஆய்விற்கு ஈடாகாது. ஆயினும் வல்லுநரிடம் கேட்கவேண்டிய கேள்வியை இது கற்பிக்கும்.

மற்றொரு விஷயமும் மறைக்கத்தக்கதன்று. இடந்தேடும்போது பெருநிலமுடையோர் வீட்டருகே ஒருவரும் இடம் காட்டுவதில்லை. ஊர்க்கோடியில் கூலி வேலை செய்வோர் வாழும் குடிசைகளின் பக்கமே விரல் நீள்கின்றது. அவர்களுக்கு வேறு கிணறு இல்லை. வேறிடம் பெயரப் பொருளும் இல்லை. நிலமுடையோர் தம் வயலுக்குத் தூரம் அளக்கும் அதே சங்கிலியால் அக்குடிசைகளுக்கும் தூரம் அளத்தல் அறமாகும். அவர்கள் கிணறு கெட்டால் நீர்மட்டத்தின் வழியே ஊர்க் கிணறும் கெடும் என்பதையும் மறத்தலாகாது.

எருவாக்கும் முறை சரியாயின்

மட்கும் குப்பையைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டால் மேற்கூறிய தொல்லைகளுட் பல எழா. இந்தூரில் ஆல்பர்ட் ஹவார்டு என்பவரும் அவருடன் உழைத்த யஷ்வந்த் வாடு என்பவரும் வகுத்த எருமுறை 1931-இல் நூலாக வெளிவந்தது. பின்னர் பெங்களூரில் சி. என். ஆச்சாரியா என்பவர், நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழிகளில் அடுக்கி மண்ணால் மூடி மட்கவைக்கும் முறையை வகுத்தார். முன்னது கிளறிக் காற்றூட்டும் முறை. மூன்று மாதங்களில் எரு கிடைக்கும். பின்னது கிளறாத முறை. காலம் மிகுதியாகப் பிடிக்கும்.

வீடுகளுக்கு அருகே நடத்தத் தக்கது காற்றூட்டும் முறையே. அதற்கு வேண்டுவன நான்கு. முதலாவது, ஈரக்கழிவுடன் சருகு, வைக்கோல், தென்னை நார்க்கழிவு முதலிய உலர்ந்தவற்றைக் கலத்தல். கரிச்சத்து 25 முதல் 30 பங்கிற்குத் தழைச்சத்து ஒரு பங்காக இருப்பது சிறந்தது. இரண்டாவது, ஈரம் பாதிக்குச் சற்று மேற்பட்டிருத்தல். கையில் எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். இரண்டொரு துளிக்குமேல் நீர் சொட்டலாகாது. மூன்றாவது, குவியல் ஐந்தடி உயரத்திற்கு மேற்படாமல் வாரந்தோறும் கிளறப்படுதல். நான்காவது, குவியலின் உட்சூடு 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் பல நாட்கள் நிற்றல். நோய்க் கிருமிகளும் களை விதைகளும் அச்சூட்டில் மாய்கின்றன. வெப்பமானி இல்லாதவிடத்து, குவியலுக்குள் இரும்புக் கம்பியைச் சிறிது நேரம் செருகி எடுத்துக் கையால் பற்றிப் பார்க்கலாம். பற்ற இயலாத சூடு இருப்பின் வேலை நன்கு நடக்கின்றது என்று அறியலாம்.

கேரளத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தும்பூர்முழிப் பண்ணையில் உருவான முறையும் கவனிக்கத்தக்கது. நாற்புறமும் காற்றுப் புகும்படி நான்கடிச் சதுரமும் நான்கடி உயரமும் உள்ள தொட்டி அமைத்து, சாணம், சருகு, கழிவு என்று அடுக்கடுக்காக இட்டால், கிளறாமலே ஏறத்தாழ 90 நாட்களில் மட்கிவிடுகின்றது. ஆலப்புழை நகரத்தார், நகருக்கு வெளியே சர்வோதயபுரத்தில் குப்பை கொட்டுவதை அவ்வூரார் தடுத்தபின், இத்தகைய தொட்டிகளையும் வீட்டுச் சாண எரிவாயுக் கலன் போன்ற கலங்களையும் தெருத்தோறும் வீடுதோறும் அமைத்துக்கொண்டனர். கிராமத்தார் கூறிய மறுப்பு நகரத்தாருக்கே நன்மையாக முடிந்தது. பத்து ஏக்கரில் ஒரே நிலையம் என்பதினும், பத்துத் தெருக்களில் பத்துச் சிறு நிலையங்கள் என்பது பெரும்பாலும் எளிது. அவரவர் குப்பையின் நாற்றத்தை அவரவரே அறிவதால் பராமரிப்பும் தளராது.

நகர எருவை வாங்கும் குடியானவரும் தம் உரிமையை அறிதல் வேண்டும். 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்கு, தழைச்சத்து நூற்றுக்கு 0.8 பங்கிற்குக் குறையாமலும், ஈயம் ஒரு கிலோவிற்கு 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேற்படாமலும் இருக்க வேண்டும் என்று வரையறை செய்யப்பட்டிருக்கின்றது. பரிசோதனைச் சீட்டில்லாத எருவை இலவசமாகக் கொடுத்தாலும் வயலில் இறக்கலாகாது. கண்ணாடித் துண்டு ஒருமுறை சேற்றில் கலந்தால், நடவு நடுவோர் கால்கள் பல்லாண்டுகள் அதனை அறியும்.

ஊரார் செய்ய வேண்டியவை

1. நிலம் கேட்கும் செய்தி வந்தவுடனே கிராம சபையில் வைத்து, நாளொன்றுக்கு எத்தனை டன் குப்பை வரும், பிரித்த குப்பையா, கலந்த குப்பையா, எத்தனை ஆண்டுகளுக்கு, மிச்சம் எங்கே புதைக்கப்படும் என்னும் நான்கு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெறுதல் வேண்டும்.

2. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ்ப் பொதுக் குப்பை நிலையங்களுக்கு முன் அனுமதியும், பொதுமக்கள் கருத்துக் கேட்பும், அதற்கு 30 நாள் முன்னறிவிப்பும் விதிக்கப்பட்டன. கூட்டத்தில் கூச்சலிட்டுக் கலைவதினும், ஆட்சேபங்களை எழுத்தில் கொடுத்துக் குறிப்பில் ஏற்றுவது பயன் தரும். எழுதப்படாத ஆட்சேபம் பின்னர் நியாயஸ்தலத்தில் நிற்காது.

3. ஒரு வண்டிக் குப்பையும் வருமுன் சுற்றியுள்ள கிணறுகளின் நீரைப் பரிசோதித்துச் சீட்டைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். சரிவிற்குக் கீழே இரண்டு கிணறுகளும், மேலே ஒரு கிணறும் கட்டாயம் சேர வேண்டும். மேற்கிணறு நன்றாயிருக்கக் கீழ்க்கிணறு மட்டும் கெட்டால் காரணம் எதுவென்பது ஐயமற விளங்கும். இச்சீட்டு இல்லாத ஊரார், "உங்கள் நீர் முன்பே அப்படித்தான்" என்னும் சொல்லுக்கு விடை கூற இயலாது தவிப்பர்.

4. அனுமதித்த அளவிற்குமேல் ஒரு நாளும் வண்டி வரலாகாது என்றும், மீறின் நிலையத்தை நிறுத்த வேண்டும் என்றும் உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். வண்டிக் கணக்கை ஊரார் இருவர் பார்வையிட உரிமை இருத்தல் வேண்டும். அவ்விருவருள் ஒருவர் நிலையத்திற்கு மிக அருகில் வாழ்பவராயிருத்தல் நன்று.

5. கிராம நிர்வாக அலுவலர் நிலத்தின் வரைபடத்தில் கிணறு, ஓடை, வீடு, பள்ளிக்கூடம், மாட்டுப் பாதை ஆகியவற்றைத் தாமே நடந்து அளந்து குறித்தல் வேண்டும். பழைய வரைபடத்தில் காணாத பத்து வீடுகள் இன்று அங்கு இருக்கக்கூடும். அவர் குறியாது விட்ட வீடு, மேலதிகாரிகள் கண்ணுக்கு இல்லாத வீடாகும்.

இவ்வளவும் ஆராய்ந்தபின் இடம் தகுதியற்றதெனக் கண்டால், ஊரார் மறுப்பது தன்னலமன்று, கடமையே. தகுதியுடையதெனக் கண்டு, நிபந்தனைகளும் எழுத்தில் கிடைத்தால், வீண் பிடிவாதத்தால் நல்ல எருவை இழத்தலும் அறிவுடைமையன்று. தம் ஊர்க் குப்பையையே தெருமுனையிலும் ஏரிக்கரையிலும் கொட்டிக்கொண்டு, நகரத்துக் குப்பையை மட்டும் பழிப்பதும் பொருந்தாது. முதலில் ஊர்க் குப்பையைப் பிரித்து எருவாக்கிக் காட்டும் கிராமத்தின் சொல்லுக்கு எந்த அதிகாரி முன்னும் மதிப்பு உண்டு. குப்பைமேட்டை இடம் மாற்ற ஆண்டுகள் சில போதும். கெட்டுப்போன ஊற்றுக்கண் தெளிவதற்கு ஒரு தலைமுறையும் போதாமற் போகலாம். ஆதலால் நீரைக் காப்பதையே அளவுகோலாகக் கொண்டு ஊரார் முடிவு செய்வாராக.